லாரியின் நீளம் எங்கே இருக்கிறது?

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் பனியன் துணி அட்டைப்பெட்டிக்குள் போய் உட்காருவதற்கு முன் பல கட்டடங்களுக்குள் ஏறி இறங்கிவிடும். நிட்டிங் ஓரிடம், சாயப்பட்டறை வேறிடம், காம்பாக்டிங் இன்னோரிடம், கட்டிங்கும் பவர் டேபிளும் மற்றோரிடம். ஜாப் ஒர்க்கில் ஓடும் ஊர் இது. துணி ரோல் ஏற்றிய வண்டிகள் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். வீதிகளோ லாரியை மனத்தில் வைத்துப் போட்டவை அல்ல. முக்கில் ஒரு நீள லாரி திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் நகரும்போது, பின்னால் வண்டியோடு காத்திருப்பவர் மனசுக்குள் ஒரு யோசனை ஓடும்: இதன் பின்பக்கத்தில் ஒரு நாலு அடியை வெட்டிவிட்டால் சுலபமாகத் திரும்பிவிடாதா?

வெட்டினால் வண்டியின் பல குணங்கள் மாறும். நாம் மாற வேண்டும் என்று நினைக்கிற அந்தக் குணம் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஏன் என்று பார்ப்பதற்கு ராணுவம் கழித்துவிட்ட லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாடியை வெட்டிச் சுருக்கும் ஆசை அதிகம் எழுவது இந்த வகை வண்டியைப் பார்த்துத்தான்.

பட்டாளத்து வண்டியின் உடல்வாகு

இந்திய ராணுவத்தின் சுமை வண்டி என்றால் நெடுங்காலம் சக்திமான்தான். ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் தயாரானது. 1990களில் அதன் தயாரிப்பு நின்றது. அடுத்து அந்த இடத்துக்கு வந்தது அசோக் லேலண்டின் ஸ்டாலியன். அதன் பெயரோடு 5/7.5 டன் என்று இரண்டு எண்கள் சேர்ந்தே வரும். பாதையில்லாத மேடுபள்ளத்தில் 5 டன், நல்ல சாலையில் 7.5 டன் என்று பொருள். ஒரே வண்டிக்கு இரண்டு சுமைக் கணக்கு இருப்பதிலேயே அதன் வடிவமைப்பாளரின் கவலை தெரிகிறது. எடையைத் தாங்குவது மட்டும் அல்ல, நான்கு சக்கரமும் நான்கு உயரத்தில் நிற்கும்போது தாங்குவதும் அவர் கணக்கில் உண்டு.

வயதான வண்டிகளை ராணுவம் ஏலத்தில் விடுகிறது. எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனம் இத்தகைய ஏலங்களை இணையம் வழியாக நடத்துகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இதே போல் உலகம் முழுக்க வண்டிகள் கைமாறின. பிலிப்பைன்ஸில் அமெரிக்கப் படை விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, பயணிகள் வண்டியாக்கினார்கள், அதுதான் ஜீப்னி. அமெரிக்காவில் பிற்காலத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. எம்-35 என்ற ஆறு சக்கர ராணுவ லாரியை வாங்கியவர்களில் சிலர் பின் அச்சுகளில் ஒன்றைக் கழற்றி, 12 அடிப் பாடியையும் வெட்டி, நாலு சக்கரக் குட்டை வண்டியாக்கினார்கள்.

நம் லாரியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் முதலில் தெரிவது உயரம். பாடியின் தளம் ஆள் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். பெரிய டயர் குழியில் ஏறி இறங்கும்போது தளத்தில் இடிக்கக் கூடாது. முன் சக்கரத்துக்கும் விசை கொண்டுபோகும் பற்சக்கரப் பெட்டி அடியில் தொங்க வேண்டும். அதனால்தான் இவ்வளவு உயரம். அடுத்து நீளம். இரண்டு பக்கமும் வீரர்கள் வரிசையாக உட்கார வேண்டும், சாமான் ஏற வேண்டும், கித்தான் போர்த்த வளையங்கள் வேண்டும். அதனால் பாடி பின் அச்சைத் தாண்டியும் நன்றாக நீண்டிருக்கும்.

கணக்குக்காக ஒரு மாதிரி வண்டியை வைத்துக்கொள்வோம். எண்கள் எளிமைக்காக முழுமையாக்கப்பட்டவை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 4 மீட்டர். பட்டறைக்காரர்கள் இதை வீல்பேஸ் என்பார்கள். நாம் சக்கர இடைவெளி என்போம். முன் அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் பாடி தொடங்குகிறது. பாடியின் நீளம் 4.5 மீட்டர், அதாவது ஏறக்குறைய 15 அடி. ஆக, பாடி பின் அச்சைத் தாண்டி 2 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பகுதிக்குப் பின்நீட்சி என்று பெயர் வைப்போம். இதிலிருந்து 1.2 மீட்டரை, கிட்டத்தட்ட நாலு அடியை, வெட்டப்போகிறோம்.

குறைத்தால் கூடும் எடை

வெட்டும் முன் வண்டியை எடை மேடைக்கு ஓட்டிப்போய் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்தி எடை பாருங்கள். வெட்டிய பிறகும் அதே போல் பாருங்கள். வெட்டி எடுத்த துண்டின் எடை 250 கிலோ என்று கொள்வோம். முன் சக்கரத்தின் எடை எவ்வளவு குறைந்திருக்கும்?

குறையாது. சுமார் 88 கிலோ கூடியிருக்கும்.

பூங்காவில் சீசா ஆடும் பிள்ளைகளுக்கு இது புரியும். பின் அச்சுதான் இங்கே சீசாவின் நடுக்கட்டை. அதற்குப் பின்னால் தொங்கும் எதுவும் பின் சக்கரத்தை அழுத்துவதோடு, வண்டியின் முகத்தை மேலே தூக்கவும் பார்க்கும். வெட்டிய துண்டின் நடுப்புள்ளி பின் அச்சுக்கு 1.4 மீட்டர் பின்னால் இருந்தது. 250 கிலோவை 1.4ஆல் பெருக்கி, சக்கர இடைவெளியான 4ஆல் வகுத்தால் 87.5. முன் சக்கரத்தை அந்தத் துண்டு இத்தனை நாளும் அவ்வளவு தூக்கிப் பிடித்திருக்கிறது. துண்டு போனதும் தூக்கலும் போய்விட்டது.

பின் சக்கரத்தில் 250 கிலோ குறைந்தால் போதாது; முன்னுக்குப் போன 87.5 கிலோவும் அங்கிருந்துதான் போயாக வேண்டும். ஆக, பின் அச்சில் 337.5 கிலோ இறங்கியிருக்கும். இரண்டு மாற்றத்தையும் கூட்டிக் கழித்தால் வண்டியில் மொத்தம் குறைந்தது அதே 250 கிலோதான்.

காலி வண்டியில் இதன் விளைவை ஓட்டுநர் உடனே உணர்வார். பின் ஸ்பிரிங் பட்டைகள் ஐந்து டன்னைத் தாங்க அடுக்கியவை. அவற்றின் மேல் இருந்த எடை இன்னும் குறைந்ததால் பின்பக்கம் வேகத்தடையில் முன்னைவிட அதிகமாகத் துள்ளும். காலியாக வரும்போது பிரேக்கை அழுத்தி மிதித்தால் பின் சக்கரம் முன்னைவிடச் சீக்கிரம் உருளாமல் வழுக்கும்.

பாரம் ஏற்றிய பிறகு

இனிப் பாரத்துக்கு வருவோம். பழைய நீளப் பாடியில் 5 டன்னைச் சமமாகப் பரப்பினால், பாரத்தின் நடுப்புள்ளி முன் அச்சிலிருந்து 3.75 மீட்டரில் விழும். பின் அச்சுக்கு அது வெறும் கால் மீட்டர் முன்னால். அதனால் 5,000 கிலோவில் சுமார் 4,690 கிலோவைப் பின் அச்சு சுமக்கிறது. முன் அச்சுக்குப் போவது 310 கிலோ.

பாடியைப் பின்னாலிருந்து 1.2 மீட்டர் குறைத்தால் நடுப்புள்ளி அதில் பாதி, அதாவது 60 சென்டிமீட்டர், முன்னால் வரும். அதே 5 டன்னை ஏற்றினால் இப்போது முன் அச்சுக்கு 1,060 கிலோ. பின் அச்சுக்கு 3,940 கிலோ. முன் சக்கரத்துக்குப் பாரத்தில் மட்டும் முக்கால் டன் கூடிவிட்டது. பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய வண்டியில் அந்த முக்கால் டன்னையும் ஓட்டுநரின் தோள்தான் திருப்ப வேண்டும். முன் டயரும் முன் பட்டையும் அதைத் தாங்குமா என்று தயாரிப்பாளர் தந்த அச்சுச் சுமை எல்லையோடு ஒப்பிட்டாக வேண்டும்.

ஏற்றுகிற சரக்கு எது என்பதும் முக்கியம். துணி ரோல் இடத்தை அடைக்கும் சரக்கு. எடை எல்லையைத் தொடுவதற்குள் பாடி நிரம்பிவிடும். அத்தகைய சரக்குக்குப் பாடியைக் குறைத்தால் ஏற்றும் அளவும் அதே விகிதத்தில் குறையும். 4.5 மீட்டர் 3.3 ஆகும்போது கால் பங்குக்கும் மேல் இடம் போய்விடுகிறது. எடையுள்ள சரக்கின் கதை வேறு. அதே 5 டன்னைக் குட்டைப் பாடியில் ஏற்ற வேண்டுமானால் அடுக்கை உயர்த்தியாக வேண்டும். 1 மீட்டர் உயரம் இருந்த மூட்டை அடுக்கு 1.36 மீட்டராகும். பாரத்தின் நடுப்புள்ளி 18 சென்டிமீட்டர் மேலே ஏறும். ஏற்கெனவே நெஞ்சு உயரத்தில் தளம் உள்ள வண்டிக்கு இது வளைவுகளில் கவிழும் அபாயத்தைக் கூட்டும்.

முக்கில் திரும்புவது எது?

இப்போது முதல் கேள்வி. லாரி திரும்பும்போது பின் சக்கரங்கள் பக்கவாட்டில் நகர்வதில்லை. முன் சக்கரம் இழுக்கும் பக்கம் உள்வாங்கியபடி தொடர்ந்து போகின்றன. வண்டி எவ்வளவு சின்ன வட்டம் போடும் என்பதை இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன. முன் சக்கரம் எத்தனை டிகிரி மடங்குகிறது என்பது ஒன்று. சக்கர இடைவெளி எவ்வளவு என்பது மற்றொன்று. பாடி நீளம் அந்தக் கணக்கிலேயே இல்லை.

முன் சக்கரம் 30 டிகிரி மடங்குவதாகக் கொண்டால் கணக்கு மிக எளிது. முன் அச்சின் நடுப்புள்ளி போடும் வட்டத்தின் ஆரம், சக்கர இடைவெளியைப் போல் சரியாக இரண்டு மடங்கு. நம் வண்டிக்கு 8 மீட்டர். பாடியை 1.2 மீட்டர் வெட்டிய பிறகும் 8 மீட்டர்தான். பாடியை மொத்தமாகக் கழற்றி எறிந்தாலும் 8 மீட்டர்தான்.

நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. முன் சக்கரம் திரும்பிக்கொண்டே விசையையும் வாங்க வேண்டும் என்பதால் அதன் உள்ளே ஒரு மூட்டு இருக்கும். அந்த மூட்டு ஓரளவுக்கு மேல் மடங்காது. ஆகவே பட்டாளத்து வண்டி, அதே சக்கர இடைவெளியுள்ள சாதாரண லாரியைவிடப் பெரும்பாலும் பெரிய வட்டமே போடும்.

அப்படியென்றால் வெட்டியதால் முக்கில் ஒன்றுமே மிச்சமில்லையா? உண்டு, சிறிதளவு. வண்டி இடதுபுறம் திரும்பும்போது பின்நீட்சியின் வலது மூலை வெளியே வீசிக்கொண்டு போகும். சுவரோரம் நிறுத்திய மொபெட்டைத் தட்டிவிடுவது இந்த மூலைதான். இதை வால் வீச்சு என்று சொல்லலாம். 2.4 மீட்டர் அகலமுள்ள நம் வண்டியில் வெட்டும் முன் வால் வீச்சு சுமார் 24 சென்டிமீட்டர். வெட்டிய பின் 4 சென்டிமீட்டர். பின்னால் எடுக்கும்போதும் சுவருக்கு முன் 1.2 மீட்டர் கூடுதலாகக் கிடைக்கும். பாடியைக் குறைத்த வண்டி நிறுத்தவும் பின்னால் எடுக்கவும் எளிது, திரும்ப எளிதல்ல.

திரும்ப வேண்டுமென்றால் சக்கர இடைவெளியையே குறைக்க வேண்டும். அதை 3.2 மீட்டராக்கினால் ஆரம் 6.4 மீட்டராக இறங்கும். ஆனால் அதற்கு வண்டியின் எலும்புக்கூடான சேஸையே அறுக்க வேண்டும். பின் அச்சுக்கு விசை கொண்டுபோகும் ஜாயின்ட் தண்டைச் சுருக்கிச் சமன் பார்க்க வேண்டும். தண்டு குட்டையாவதால் அதன் சாய்வு அதிகமாகி, மூட்டுகளில் அதிர்வு கூடும். பிரேக் குழாயும் ஒயரும் புதுசாக ஓட வேண்டும். பாடியைச் சுருக்குவது தகர வேலை. சேஸைச் சுருக்குவது வண்டியை மறுபடி வடிவமைக்கும் வேலை.

அட்டைக் குழாயில் ஒரு சோதனை

பாடி மட்டும்தானே, வெட்டி ஒட்டிவிடலாம் என்று இறங்குமுன் ஒரு சோதனை. துணி சுற்றி வரும் அட்டைக் குழாய் வேலம்பாளையத்தில் எந்தக் கம்பெனியிலும் கிடைக்கும். ஒன்றை எடுத்து இரு முனையையும் பிடித்துத் துணி பிழிவது போல் முறுக்குங்கள். அசையாது. இப்போது கத்தியால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராக ஒரே ஒரு கீறல் போட்டுப் பிளந்துவிட்டு மறுபடி முறுக்குங்கள். கை போன பக்கமெல்லாம் வரும். அட்டையில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. வாய் திறந்ததால் முறுக்கை எதிர்க்கும் வலு நூறு மடங்குக்கு மேல் சரிந்துவிட்டது.

லாரியின் சேஸ் இரண்டு நீள இரும்புச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்த ஏணி. அந்த நீளச் சட்டங்கள் மூடிய குழாய்கள் அல்ல, ஒரு பக்கம் வாய் திறந்தவை. பாரத்துக்கு அதிகம் வளையாது, மேடுபள்ளத்தில் மட்டும் இணங்கி முறுகும். ஒரு முன் சக்கரம் மேட்டில் ஏறினால் சேஸ் முறுகிக்கொடுத்து மற்ற மூன்று சக்கரத்தையும் தரையில் வைக்கும். இது குறை அல்ல. வேண்டுமென்றே வைத்த குணம்.

அதன் மேல் உட்காரும் இரும்புப் பாடியோ பெட்டி போல விறைப்பானது. முறுகும் ஏணியோடு முறுகாத பெட்டியை இறுக்கமாகக் கட்டினால் ஏதாவது ஒன்று கிழிந்தே தீரும். அதனால் பாடியின் பின்முனையைச் சேஸோடு கெட்டியாகப் பிணைத்துவிட்டு, முன்முனையை ஸ்பிரிங் வைத்த போல்ட்டாலோ ரப்பராலோ கொஞ்சம் எழும்ப விட்டுப் பிடிப்பார்கள். கரடுமுரடான தடத்தில் போகும் லாரியின் பக்கத்தில் நின்றால், கேபினும் பாடியும் வெவ்வேறு பக்கம் சாய்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

பாடியின் வால்பக்கத்தை அப்படியே அறுத்து எறிந்தால், கெட்டியான அந்தப் பிணைப்பும் அதோடு போய்விடும். அதைப் பின் ஸ்பிரிங் தாங்கியின் அருகே மறுபடி அமைத்தாக வேண்டும். அவசரத்துக்கு முன்முனையைச் சேஸோடு வெல்டிங் வைத்துவிட்டால், முறுக்கு முழுவதும் கேபினுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள குறுகிய இடத்தில் போய்க் குவியும். சேஸில் விரிசல் விழுந்தால் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

எங்கே வெட்டுவது, எப்படி ஒட்டுவது

அனுபவமுள்ள பட்டறைகள் பாடியின் வாலை வெட்டாமல் வயிற்றை வெட்டும். பின்முனையில் பின்கதவின் கீல், விளக்கு, தடித்த குறுக்குச் சட்டம் இருக்கின்றன. முன்முனையில் கேபினைக் காக்கும் தடுப்புச் சுவர் இருக்கிறது. இரண்டும் திரும்பச் செய்யக் கஷ்டமானவை. நடுவில் இருப்பது ஒரே மாதிரி தளமும் குறுக்குச் சட்டங்களும்தான். இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே அறுத்து, அவற்றின் இடைவெளிக்குப் பொருந்தும் அளவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, பின்பாதியை முன்னால் தள்ளி ஒட்டினால் சட்டங்களின் வரிசை கெடாது.

ஒட்டும் கோடு தளம், பக்கச் சுவர், அடிச்சட்டம் எல்லாவற்றிலும் ஒரே நேரில் விழக் கூடாது. அப்படி விழுந்தால் பாடிக்கு இடுப்பு ஒடிந்த மாதிரி. ஒவ்வொன்றையும் ஓரடியாவது தள்ளித் தள்ளி வெட்டினால் ஓர் ஒட்டு பலவீனமானாலும் பக்கத்தில் முழு இரும்பு தாங்கும். வெல்டிங் உருகி ஆறும்போது சுருங்கும். நீளக் கோட்டை ஒரே ஓட்டமாகப் போட்டால் அந்தச் சுருக்கம் தளத்தையே வளைத்து இழுத்துவிடும். அதனால் முதலில் பொட்டு வைத்து நிறுத்தி, நடுவிலிருந்து இரு பக்கமும் மாற்றி மாற்றி, துண்டு துண்டாகப் போடுவார்கள். பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பழைய பெயின்டையும் துத்தநாகப் பூச்சையும் ஒட்டும் இடத்தைச் சுற்றிச் சுரண்டிவிட வேண்டும். துத்தநாகப் புகையை இழுத்தவருக்கு அன்று ராத்திரியே குளிர் காய்ச்சல் வரலாம்.

சேஸில் புது போல்ட்டுக்கு ஓட்டை போடுவதற்கும் இடம் உண்டு. பாரத்தில் சட்டம் வளையும்போது மேல் விளிம்பு நசுங்கப் பார்க்கிறது, கீழ் விளிம்பு இழுபடுகிறது அல்லது இடத்தைப் பொறுத்து இது மாறி நடக்கிறது. எப்படியானாலும் இரண்டுக்கும் நடுவில் ஓர் உயரத்தில் நசுக்கலும் இல்லை, இழுவையும் இல்லை. ஓட்டை அந்த நடுப்பகுதியில் விழலாம். மேல் கீழ் விளிம்பில் விழக் கூடாது.

ஆர்.சி. புத்தகமும் பின்நீட்சியும்

ராணுவம் விற்ற வண்டியைப் பதிவு செய்ய, விற்ற அதிகாரியிடமிருந்து படிவம் 21இல் விற்பனைச் சான்று வேண்டும் என்கின்றன 1989இன் மத்திய மோட்டார் வாகன விதிகள். பின்நீட்சி, சக்கர இடைவெளியில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. நம் மாதிரி வண்டிக்கு அந்த எல்லை 2.4 மீட்டர். 2 மீட்டர் பின்நீட்சி அதற்குள் அடங்கும். ஆனால் சக்கர இடைவெளியை 3.2 மீட்டராக்கினால் எல்லையும் 1.92 மீட்டருக்கு இறங்கிவிடும். பாடியைத் தொடாமல் சேஸை மட்டும் சுருக்குவது சட்டப்படியும் இயலாது. பின் அச்சுக்குப் பின்னால் தொங்குவது முன் சக்கரத்தைத் தூக்கும் என்று எடை மேடையில் பார்த்தோமே, அந்தத் தூக்கலுக்கும் விதி இங்கே வேலி போடுகிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு இன்னும் பொதுவானது. தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே பட்டறைக்கு முன் போக வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. அலுவலகம்.

யாருக்கு லாபம்?

சாலையோரம் நொறுங்கிக் கிடக்கும் வண்டியைத் தூக்கிப்போகும் மீட்பு கிரேன்களில் பழைய ராணுவ லாரிகளைப் பார்க்கலாம். பாடியைக் குறைப்பதன் உண்மையான பலன் அங்கே தெரியும். நம் மாதிரி வண்டியின் வால்முனையில் கொக்கி வைத்து 1,500 கிலோவைத் தூக்கினால், 2 மீட்டர் பின்நீட்சியில் முன் சக்கரம் 750 கிலோவை இழக்கும். ஸ்டீயரிங் பிடிமானம் போகும். பின்நீட்சியை 0.8 மீட்டராக்கி அங்கே கொக்கி வைத்தால் இழப்பு 300 கிலோதான். துணி ஏற்றுபவருக்கு இடநஷ்டமாக முடிந்த அதே வெட்டு, கிரேன்காரருக்கு 450 கிலோ பிடிமானத்தைத் திருப்பித் தருகிறது.

வேலம்பாளையம் வீதிகளுக்கான விடை வேறு வண்டியில் இருக்கிறது. 2005இல் வந்த டாடா ஏஸை நாம் குட்டி யானை என்கிறோம். அதன் சக்கர இடைவெளி 2.1 மீட்டர். முன் சக்கரம் 30 டிகிரி மடங்கினால் அதன் வட்டத்தின் ஆரம் 4.2 மீட்டர், நம் பட்டாளத்து லாரியின் வட்டத்தில் ஏறக்குறைய பாதி. துணி இடத்தை அடைக்கும் சரக்கு, எடையில் அழுத்தும் சரக்கு அல்ல என்பதால் சின்ன வண்டி இரண்டு நடை கூடுதலாக ஓடினாலும் கட்டுப்படியாகிறது. வீதிக்கு ஏற்ற வண்டி தேடுபவர் டேப்பை எடுத்து அளக்க வேண்டியது முன் அச்சிலிருந்து பின் அச்சுவரை. பாடியின் நீளத்தை அதற்குப் பிறகு, ஏற்றப்போகும் சரக்கைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.